நாற்பது என்று காட்டிய கார்

செவ்வாய்க்கிழமை காலை கொட்டாஞ்சேனையில் கொன்ஸ்ரன்ஸ் மிஸ்ஸின் மாடிப்படி ஏறி வந்த பெண், கதிரையில் உட்காரவே மாட்டேன் என்று நின்றாள். பெயர் றோஸி. அழுது முடித்து முகம் கழுவிய பிறகுதான் வீட்டைவிட்டுப் புறப்பட்டிருக்கிறாள் என்பது பார்த்த உடனே தெரிந்தது.

"எங்க வீட்டுக்காரரக் கள்ளன்னு சொல்றாங்க மிஸ். பாஸ்போட்டத் திருப்பித் தர மாட்டேங்குறாங்க. வெள்ளிக்கிழம கட்டாருக்கு பிளைட்டுங்க."

கொன்ஸ்ரன்ஸ் வாகனக் காப்புறுதிக் கம்பனியொன்றில் தலை நரைக்கும்வரை நசுங்கிய கார்களைப் பார்த்தவர். எந்தக் கார் மதிலில் மோதியது, எந்தக் காரை மதிலில் மோதவிட்டார்கள் என்று பிரித்துச் சொல்வதே அவருடைய தொழில். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் தேடி வந்தார்கள். எதிர்வீட்டு நிலாம் தன் முச்சக்கர வண்டியில் அவரை எல்லா இடத்துக்கும் ஏற்றிப் போவார். அதனால் துப்பறிவதில் பாதி தன்னுடையது என்பது நிலாமின் எண்ணம். மிஸ் அதை மறுத்ததில்லை.

அன்று நிலாம் ஏற்கெனவே அங்கே இருந்து, ஞாயிற்றுக்கிழமை தனக்கு வந்த கஷ்டத்தை மூன்றாம் தரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஜிந்துப்பிட்டித் தேருக்குள்ள மாட்டினேன் மிஸ். பின்னேரத்திலேந்து இருட்டும் வரைக்கும் வண்டி ஒரு அடி அசையல்ல. நான் என்ஜினை நிப்பாட்டிட்டு இறங்கிப் பிளேன்டீ குடிச்சேன். வேற என்ன செய்ய?"

"நிலாம், அவ கதைக்கட்டும்," என்றார் மிஸ்.

றோஸி சொன்னாள். அவளுடைய புருஷன் இராமர், வெள்ளவத்தையில் சேலைக்கடை வைத்திருக்கும் சின்னராசாவின் டிரைவர். வாசல் படலையோரத்து அறையில் தங்குவான். பூட்டில்லாத அறை என்பதால் பாஸ்போட்டை முதலாளி வீட்டு அலுமாரியில் கொடுத்து வைத்திருந்தான். அந்த வீட்டு அம்மாவின் தம்பி சந்திரகுமார் இரண்டு மாதத்துக்கு முன் கறுப்புக் கண்ணாடி போட்ட சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இறக்கினார். ஞாயிற்றுக்கிழமை சின்னராசா அந்தக் காரைத் தானே எடுத்துக்கொண்டு, தெற்கே காலி நகரில் ஒரு காணி பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் வந்தார். மறுநாள் காலை சந்திரகுமார் அதே காரில் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டார். பம்பலப்பிட்டியில், காலி வீதியின் நட்டநடுவே, பெற்றோல் இல்லாமல் கார் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்காரர்கள் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. கட்டி இழுத்துத்தான் காரை வீடு கொண்டுவந்தார்கள்.

அது கியூஆர் அட்டைக்கு வாரக் கணக்கில் பெற்றோல் அளந்து கொடுத்த வருடம். ஞாயிறு காலைதான் அந்த வாரக் கோட்டா முழுவதையும் அடித்திருந்தார்கள். அப்படியானால் பெற்றோல் எங்கே? இரவு காரோடு இருந்தவன் இராமர். வெள்ளிக்கு முன் பணத்தைக் கொடு, இல்லாவிட்டால் பொலிசில் முறைப்பாடு என்று சந்திரகுமார் சொல்லிவிட்டார். முறைப்பாடு போனால் கட்டார் போனமாதிரித்தான்.

"இராமர் என்ன சொல்றார்?" என்று மிஸ் கேட்டார்.

"எடுக்கலன்னு சொல்றாருங்க. ஆனா ஞாயித்துக்கெழம சாயந்தரம் எங்க போனன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. எங்கிட்டயும் சொல்லலங்க." அவள் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அந்த வீட்டுக்கு இப்ப கோவத்தத் தவிர ஒண்ணும் தெரியாதுங்க மிஸ். அவங்க பொண்ணு துஷாந்தினி போன வருசம் ஜிந்துப்பிட்டிப் பையன் ஒருத்தரக் கட்டிக்கிட்டுப் போயிருச்சு. அதுலேருந்து அந்தப் பேர யாரும் சொல்லக்கூடாது. புள்ள பொறந்தும்கூட யாரும் போய்ப் பாக்கல."

மிஸ் எழுந்து செருப்பைப் போட்டார். "நிலாம், வண்டியை எடுங்கோ."

இராமர் படலையோரத்து அறையின் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அறைக்குப் பூட்டில்லை, ஆனாலும் அவன் வெளியே வரவில்லை. பாஸ்போட் அந்த வீட்டுக்குள் இருக்கும்போது அவன் எங்கே போவான்? மிஸ் கேட்டவற்றுக்கெல்லாம் பதில் சொன்னான், ஒன்றைத் தவிர. பெற்றோல் அடித்தவுடன் மீற்றரைச் சைபராக்குவது முதலாளியின் பழக்கம் என்றான். ஞாயிறு இரவு வந்ததிலிருந்து காரைக் கழுவவில்லை, திங்களுக்குப் பிறகு கழுவ விடவில்லை என்றான். ஞாயிறு பின்னேரம் பற்றிக் கேட்டபோது மட்டும் நிலத்தைப் பார்த்தான்.

"அத மட்டும் கேக்காதீங்க மிஸ்."

சந்திரகுமார் காரடியில் காத்திருந்தார். வாசனைத் திரவியமும் வெள்ளைச் சப்பாத்துமாக, வழக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது என்ற தோரணை.

"இதில துப்பறிய ஒண்டுமில்லை, மிஸ்," என்றார் அவர். "நீங்களே பாருங்கோ." கதவைத் திறந்து சாவியைத் திருப்பினார். திரையில் பெரிய எண் ஒன்று ஒளிர்ந்தது: நாற்பது. "லீற்றருக்கு நாற்பது ஓடியிருக்கு. மோட்டச்சைக்கிள் கணக்கு. இது ஜெர்மன்காரன்ர மூளை. காலிக்குப் போய்வர ஏழு லீற்றரும் செல்லாது. மிச்சத்தை ஆர் குடிச்சது?"

"நல்ல கார்," என்றார் மிஸ்.

நிலாமுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஐயா, என்ட த்ரீவீலே இருபத்தஞ்சுக்கு மேல ஓடாது."

"உங்கட த்ரீவீலையும் இதையும் ஒண்டாக்காதேங்கோ," என்று சந்திரகுமார் கோபித்தார்.

கார் வாங்கி இரண்டு மாதமாகியும் திரைக்கு மேல் ஒட்டி வந்த பொலித்தீன் தாளை அவர் உரிக்கவில்லை. இருக்கைகளிலும் பொலித்தீன் அப்படியே இருந்தது. புதுசு புதுசாகவே இருக்கவேண்டும் என்பது நம்மவர் நம்பிக்கை. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கும் அதே மரியாதைதான். அந்தத் தாள் தூசியும் விரல் எண்ணெயும் படிந்து மங்கிப்போயிருந்தது. பெரிய எண் தெரிந்தது. அதற்குக் கீழே ஏதோ பொடி எழுத்து இருப்பதும் தெரிந்தது, என்ன எழுத்து என்றுதான் தெரியவில்லை. மிஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சிறிது நேரம் அதைப் பார்த்தார்.

பிறகு காரைச் சுற்றி வந்தார். முன்பக்கம் தூசி படிந்திருந்தது, ஆனால் அடிபட்ட பூச்சி ஒன்றுகூட இல்லை. பின் சில்லருகே குனிந்தார். தயர்ப் பள்ளத்தில் தேங்காய்ச் சிரட்டைத் துண்டு ஒன்று இறுகியிருந்தது. கதவின் அடியில் வெள்ளையாய் ஏதோ தெறித்துக் காய்ந்திருந்தது. நிலாம் அதை மோந்து பார்த்து, "எளனி மாதிரி ஈக்கு," என்றார்.

பெற்றோல் மூடியைத் திறந்து பார்த்தவரும் நிலாம்தான். "மிஸ், இதுக்குள்ள டியூப் போகாது. வலை வச்சு அடைச்சிருக்கான்."

மிஸ் கடைசியாக டாஷ்போட்டிலிருந்த கையுறைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே நகைக்கடைச் சிறு டப்பா ஒன்று இருந்தது. அதற்குள் நூல்போல் மெல்லிய சங்கிலியும், விரல் நகத்தளவு பொன் தொங்கலும் இருந்தன. மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"என்னது மிஸ்?" நிலாம் காதோரம் கேட்டார்.

"வளர்ந்த ஆளின்ர கழுத்துக்கு அது காணாது," என்றார் மிஸ். "எல்லாரையும் இஞ்ச வரச் சொல்லுங்கோ."

எல்லாரும் காரடிக்கு வந்தார்கள். சின்னராசா வந்த நேரம் தொட்டுக் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி நாகமணி தூணோடு ஒட்டி நின்றார். இராமரும் றோஸியும் படலைப் பக்கம் நின்றார்கள்.

"இராமர் களவெடுக்கேல்லை," என்றார் மிஸ். "அதைச் சொன்னது நானில்லை, உங்கட கார்." கையை நீட்டித் திரையிலிருந்த பொலித்தீனின் மூலையைப் பிடித்தார்.

"அதை உரிக்காதேங்கோ," என்று சந்திரகுமார் ஓடிவந்தார். அதற்குள் மிஸ் உரித்துவிட்டார்.

"வாசியுங்கோ."

சந்திரகுமார் குனிந்து வாசித்தார். நேரம் எடுத்தது. அவர் காது மடல் மெதுவாகச் சிவந்தது.

"லீற்றருக்கு நாற்பது கிலோமீற்றர் இல்லை," என்றார் மிஸ். "நூறு கிலோமீற்றருக்கு நாற்பது லீற்றர். நாங்கள் லீற்றருக்கு எவ்வளவு ஓடும் எண்டு பாக்கிறனாங்கள். எண் கூடினா நல்லது. அங்கத்தைய ஜெர்மன்காரன் நூறு ஓட எவ்வளவு குடிக்கும் எண்டு பாக்கிறான். எண் கூடினாக் கேடு. உங்கட கார் லீற்றருக்கு ரெண்டரை ஓடியிருக்கு."

நிலாம் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ராத்திரி இவன் உறிஞ்சியிருந்தா?" சந்திரகுமார் விடவில்லை.

"உறிஞ்சின பெற்றோல் இந்தத் திரைக்குத் தெரியாது. என்ஜின் எரிச்சது மட்டும்தான் தெரியும். களவு போயிருந்தா இந்த எண் நல்லாயிருந்திருக்கும், பெற்றோல் தாங்கி மட்டும் காலியாயிருக்கும். ரெண்டும் மோசமெண்டா என்ஜின்தான் குடிச்சிருக்கு." மிஸ் ஸ்டீயரிங்கில் ஒரு பொத்தானை அழுத்தினார். எண் மாறியது. "அடிச்ச நேரத்திலிருந்து ஓடின தூரம் அறுபது கிலோமீற்றர். அறுபதுக்கு இருபத்துநாலு லீற்றர். நீங்கள் அடிச்ச கோட்டாவும் தாங்கியில கிடந்த மிச்சமும் அதோட சரி."

"அறுபதா?" என்றார் சந்திரகுமார். "காலிக்கு ஒருவழிக்கே நூறுக்கு மேல."

நிலாமுக்குத்தான் பொறுக்கவில்லை. "கார் காலிக்குப் போகல்ல. ஹைவேயில போன காருக்கு முன்னால பூச்சி அப்பியிருக்கும். இது எங்கேயோ நிண்டிருக்கு, என்ஜினும் ஏசியும் ஓட ஓட. தேங்கா உடைச்ச ரோட்டில. மிஸ், நான் மாட்டின அதே..."

"நிலாம்," என்றார் மிஸ். நிலாம் நிறுத்திக்கொண்டார்.

"எங்க நிண்டது?" சந்திரகுமார் அத்தானின் பக்கம் திரும்பினார். "அத்தான், எங்க நிண்டது?"

"அது என்ர வேலை இல்லை," என்றார் மிஸ். "நான் வந்தது இராமருக்காக. அவரிட பாஸ்போட்டைக் குடுங்கோ. நான் போறன்."

மிஸ் அதோடு போயிருப்பார். சின்னராசாவும் உள்ளே போயிருக்கலாம். கேள்வி அவரைச் சுற்றி நின்றது, ஆனால் விட்டுவிடத்தான் எல்லாரும் ஆயத்தமாக இருந்தார்கள். அவர் இராமரைப் பார்த்தார். நேற்று இதே இடத்தில், இவன்தான் எடுத்தவனோ என்று மைத்துனர் கேட்டபோது அவர் ஆமென்று தலையை ஒருமுறை ஆட்டியிருந்தார். அவ்வளவுதான் செய்தார்.

"ஜிந்துப்பிட்டியில நிண்டனான்," என்றார் சின்னராசா. "மகளின்ர ஒழுங்கையில."

நாகமணி நிமிர்ந்தார்.

"காலிக்கெண்டுதான் வெளிக்கிட்டனான். ஹைவே வாசல் மட்டும் போய்த் திரும்பியிட்டன். சும்மா அவளின்ர வீட்டு வாசலைப் பாத்திட்டு வருவமெண்டு. அதுக்குள்ள தேர் வந்திட்டுது. முன்னுக்கும் போகேலாது, பின்னுக்கும் போகேலாது. என்ஜினை நிப்பாட்டினா ஏசி நிண்டிடும், அவியும். கண்ணாடியை இறக்கினா முகம் தெரியும். அவள் வாசலில நிண்டு தேர் பாத்தவள், பிள்ளையையும் வச்சுக்கொண்டு. கையெட்டுற தூரம். எனக்குக் கதவைத் திறக்கத் தெரியேல்லை." அவர் இராமரிடம் திரும்பினார். "நான் பிழை விட்டிட்டன், இராமர். அந்தக் காருக்குள்ள இருந்து வெளியில வர, உன்னை உள்ளுக்குத் தள்ளிப்போட்டன்."

நாகமணி காரிடம் போய்க் கையுறைப் பெட்டியைத் திறந்தார். டப்பாவை எடுத்துப் பார்த்தார். பிறந்த பிள்ளைக்குத் தாய்வீட்டார் கட்டும் பஞ்சாயுதம் அது.

"இராமர் ஞாயித்துக்கிழமை எங்க போனவன் எண்டு நான் சொல்லுறன்," என்றார் அவர். "நான்தான் அனுப்பினனான். பிள்ளை பெத்த உடம்பெண்டு சரக்குக் கறி காய்ச்சிக் குடுத்துவிட்டனான், அவளுக்கு. உங்களுக்குத் தெரியக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினனான். அவன் கள்ளன் பட்டம் கேட்டுக்கொண்டு நிக்க, நான் குசினிக்குள்ள நிண்டனான். எனக்கு வெக்கமாயிருக்கு."

றோஸி புருஷனின் முதுகில் ஒரு அடி வைத்தாள், வலிக்கத்தான் வைத்தாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல." இராமர் சிரிக்க முயன்றான், கண்தான் நிறைந்தது.

பாஸ்போட்டைக் கொண்டுவந்து கொடுத்தவர் சந்திரகுமார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வந்ததோ என்னவோ, கேட்கவில்லை. இராமர் அதை உள்சட்டைப் பையில் வைத்துத் தொட்டுப் பார்த்தான்.

நாகமணி சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டார். "இண்டைக்குப் பிள்ளைக்கு முப்பத்தொண்டு, துடக்குக் கழியிற நாள். காரை எடுங்கோ."

"பெற்றோல் இல்லை," என்றார் சின்னராசா. "கோட்டாவும் முடிஞ்சுது."

"என்ட வண்டி ஈக்கு," என்றார் நிலாம். "ஆனா கறுப்புக் கண்ணாடி இல்ல, ஐயா. காலி வீதி முழுக்க ஆக்கள் பார்ப்பாங்க."

சின்னராசா அந்த முச்சக்கர வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து ஏறி, மனைவிக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். மிஸ் தனக்கு பஸ் இருக்கிறது என்றார்.

இராமர் ஓடிவந்து நிலாமின் பக்கம் குனிந்தான். "கோயிலத் தாண்டி ரெண்டாவது ஒழுங்கைங்க. அதுல பச்சக் கதவு..."

"எனக்குத் தெரியும், இராமர்," என்றார் சின்னராசா. "கதவில இடப்பக்கம் பெயின்ட் உரிஞ்சிருக்கு."