சாந்தினியின் கடைசித் தீனி

செல்போன் அலறியது!

எஸ்.ஐ. தணிகைவேல் கண்ணைத் திறக்காமலேயே எடுத்தார். திருத்தணி ஆடிக்கிருத்திகை பந்தோபஸ்து. மூன்று நாளாக மலைப்படியில் நின்று நின்று, கால் இரண்டும் தன்னுடையவைதானா என்று அவருக்கே சந்தேகம் வந்திருந்தது. இப்போதுதான் ஸ்டேஷன் பெஞ்சில் முதுகைச் சாய்த்திருந்தார்.

"சார்... கொலை சார்!"

பெண் குரல். அழுது கரகரத்த குரல்.

தணிகைவேல் எழுந்து உட்கார்ந்தார்.

"எங்கம்மா?"

"அரக்கோணம் ரோடு சார். குதிரை லாயம்."

"செத்தது யாரு?"

"சாந்தினி சார்."

"வயசு?"

"எட்டு..."

தூக்கம் தெறித்து ஓடியது. எட்டு வயசு! முருகா!

"யாரு வீட்டுக் கொழந்தம்மா அது?"

"கொழந்த இல்ல சார்... எங்க வெள்ளைக் குதிரை. யாரோ வெஷம் வெச்சிட்டாங்க!"

தணிகைவேல் போனைக் கையில் வைத்தபடி கூரையைப் பார்த்தார். பிறகு தொப்பியைத் தேடினார்.

"பானுப்ரியா, ஜீப்ப எடும்மா."

"மறுபடி மலைக்கா சார்?" கான்ஸ்டபிள் பானுப்ரியாவின் முகம் வாடியது.

"இல்ல. குதிரை செத்துப் போச்சாம்."

"சார்... நான் போலீஸ்ல சேந்தேனா, ப்ளூ கிராஸ்ல சேந்தேனா?"

"மூணு நாளு தூங்காம இருந்தா ரெண்டும் ஒண்ணுதாம்மா. எடு."

* * *

லாயம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நீளமான ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. பலகை அடித்துப் பிரித்த நான்கு தடுப்புகள். வெளியே தார்ப்பாய் போர்த்திய சாரட்டு வண்டி. கல்யாணச் சீசனில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு பல்பு மினுக்கும் வண்டி. ஆடி மாதத்தில் அதன் சீட்டில் ஒரு கோழி முட்டை போட்டுக்கொண்டிருந்தது.

மூன்று பழுப்புக் குதிரைகள் தலையைத் தொங்கவிட்டு நின்றன.

நான்காவது தடுப்பில்... சாந்தினி!

சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை. கண் திறந்தபடியே கிடந்தது. கழுத்துப் பக்கம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான் உபைத். லாயத்தின் சொந்தக்காரன். பிடரி மயிருக்குள் விட்ட விரல்களை எடுக்கவேயில்லை.

போன் செய்த அவன் மனைவி ஷாகிரா, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"இன்னா பாய், வெஷம்னு சொல்றாங்க வீட்டுல?" என்றார் தணிகைவேல்.

உபைத் நிமிரவில்லை.

"அதெல்லாம் இல்ல சார். வயித்துச் சூலை. குதிரைக்கு வர்றதுதான். நோயில செத்துச்சுன்னு டாக்டரம்மா ஒரு பேப்பரு எழுதிக் குடுத்தா, பொதச்சிட்டு என் வேலையப் பாப்பேன்."

"சூலையாம் சூலை!" ஷாகிரா சீறினாள். "சூலை வந்தா உருண்டு பொரண்டு ஊரையே எழுப்பும் சார். இவ ஒரு சத்தம் போடல!"

தடுப்புக்குள் குனிந்திருந்த கால்நடை டாக்டர் கல்பனா நிமிர்ந்தார். கையுறையைக் கழற்றினார். முகத்தில் அவருக்கும் அலுப்பு.

"சூலை இல்ல சார். தீவனத் தொட்டில மிச்சம் இருந்ததப் பாத்தேன். அரளி எல. பொடிப்பொடியா நறுக்கிக் கலந்திருக்காங்க. ஒரு கைப்பிடி போதும், இதயத்த நிறுத்திடும்."

அரளி!

தணிகைவேலுக்குக் கொட்டாவி வந்தது. புஷ்பக் காவடித் திருவிழா. மலையிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் வழியெல்லாம் அரளி மாலை மிதிபட்டுக் கிடக்கிறது. விஷத்தை எவன் வாங்கினான் என்று எந்தக் கடையில் போய் விசாரிப்பது?

"யாரு மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?"

"சந்தேகமே இல்ல சார். வேடியப்பன்தான்! ஆர்.கே.பேட்டையில சாரட்டு வெச்சிருக்கான். வைகாசில ஒரு கல்யாண மண்டபத்து வாசல்ல, 'உன் வெள்ளைக் குதிரை எத்தினி நாளு நிக்குதுன்னு பாக்கறேன்'னு எம்மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போனான்!"

"வேடியப்பன இழுக்காத ஷாகிரா," என்றான் உபைத் அவசரமாக. "அவன் வாயிதான் நீளம். இதெல்லாம் செய்ய மாட்டான்."

தணிகைவேலின் ஒரு கண் முழுதாகத் திறந்தது. தொழிலில் போட்டிக்காரன். அவனுக்கு இவன் வக்காலத்தா?

"ஏம்மா, இது செத்ததுல உங்களுக்கு எவ்ளோ நஷ்டம்?"

"லாயமே போச்சு சார்." ஷாகிரா தூணில் சாய்ந்தாள். கோபம் இறங்கி, களைப்பு ஏறியது. "மாப்பிள்ள ஒரு மணி நேரம் உக்காந்துட்டு எறங்கிடுவாரு. அதுங்க வருஷம் பூரா திங்கும். கொள்ளு, தவிடு, புல்லு, லாடம், பூச்சி மருந்து, கொட்டகை வாடக, கரண்டு... சித்திர வைகாசில சம்பாரிச்சத ஆடி வந்து வழிச்சி நக்கிட்டுப் போயிடும். அதான் பட்ஜெட்ட நான் கையில எடுத்தேன். தீனி வெக்கற ஆள நிறுத்தினேன், இவரே வெக்கறாரு. வெல்லத்த நிறுத்தினேன். லாடம் அடிக்கறத ஆவணிக்குத் தள்ளினேன். எப்படியாவது ஆவணி மொத முகூர்த்தம் வரைக்கும் இழுத்துட்டா லாயம் தப்பிச்சிக்கும்னு கணக்கு. ஆனா வெள்ளைக் குதிரை இல்லாத லாயத்துக்கு எவன் சார் போன் பண்ணுவான்?"

"அதான் ரெண்டு மாசமா நொண்டிக்கினு இருந்துச்சே," என்றான் உபைத் தரையைப் பார்த்து.

அப்போதுதான் வாசலில் ஒரு டி.வி.எஸ். வண்டி வந்து நின்றது.

இறங்கியவனுக்குப் புதுமொட்டை. தலை நிறையச் சந்தனம்.

"இன்னா நைனா இது... கேட்டதும் ஓடியாந்தேன்..." என்றபடி உள்ளே வந்தவன், வெள்ளைக் குதிரையைக் கண்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"வந்துட்டான் பாருங்க!" ஷாகிரா பாய்ந்தாள். "அரளிய வெச்சிட்டு துக்கம் விசாரிக்க வந்தியாடா, வேடியப்பா?"

"அய்யோ, யக்கா! நானா?"

பானுப்ரியா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். தணிகைவேல் அந்த மொட்டையை உற்றுப் பார்த்தார்... இன்னும் உற்றுப் பார்த்தார்.

"விடும்மா அவன. நேத்து சாயங்காலத்துலருந்து விடியற வரைக்கும் மலைமேல வரிசைல நின்னவன் இவன். குறுக்கால பூந்தான்னு நான்தான் லத்தியால ஒண்ணு வெச்சேன்."

"ஆங் சார்!" வேடியப்பன் தோளைத் தடவினான். "இன்னும் வலிக்குது சார்."

"என் கையால அடி வாங்கினதவிட பெரிய சாட்சி வேணாம்."

"சார், ஒண்ணு சொல்றேன்," என்றான் வேடியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அரளிய மோந்து பாத்தாலே குதிரை மூஞ்சத் திருப்பிக்கும். அவ்ளோ கசப்பு. கெட்டியா வெல்லத்துல பெசஞ்சி, மேல தவிடு தூவி வெச்சாத்தான் வாயி வெக்கும்."

"யோவ்! சமையல் குறிப்பு மாதிரி சொல்றியே!" என்றாள் பானுப்ரியா.

தணிகைவேல் சிரிக்கவில்லை. நேரே தொட்டியிடம் போனார். குனிந்தார். இடுப்பு ஒரு முனகல் முனகியது.

தொட்டியின் விளிம்பில்... எறும்பு! சாரை சாரையாக!

விரலால் வழித்து முகர்ந்தார். வெல்லம்.

அடுத்த தடுப்புக்குப் போனார். அந்தத் தொட்டியிலும் எறும்பு. அதற்கடுத்ததிலும். மிச்சமிருந்த ஒன்றிலும்!

"டாக்டர், இந்த மூணு தொட்டியில அரளி இருக்கா?"

கல்பனா கிளறிப் பார்த்தார். "சுத்தமா இல்ல சார். வெல்லம் மட்டுந்தான்."

"ஏம்மா, வெல்லத்த நிறுத்திட்டேன்னு சொன்னியே?"

"ஆங் சார், ரெண்டு மாசமாச்சு." ஷாகிரா குழம்பினாள்.

"நேத்து ராத்திரி நாலுக்கும் விருந்து நடந்திருக்கு. ஒண்ணக் கொல்ல வந்தவன், மத்த மூணுக்கும் எதுக்கும்மா வெல்லம் குடுத்தான்?"

"குடுத்துதான் சார் ஆவணும்," என்றாள் அவள் யோசிக்காமலே. "வெல்ல வாசனைக்கு இதுங்களுக்குப் பொறாமை ஜாஸ்தி. ஒண்ணுக்குக் குடுத்து ஒண்ண விட்டா பலகைய ஒதச்சே ஒடச்சிடும்ங்க. நான் எழுந்து வந்துடுவேன். அதனாலதான் இவரு எப்பவும் கட்டிய நாலா ஒடச்சு, நாலு பேருக்கும் சரிசமமா..."

நின்றாள்.

புருஷன் பக்கம் திரும்பினாள்.

மலைமேலிருந்து ஒலிபெருக்கியில் அரோகரா மிதந்து வந்தது.

தணிகைவேல் மெல்ல உபைத்தின் எதிரில் குந்தினார்.

"வெளி ஆளுக்குக் கொல்றதோட வேலை முடிஞ்சிடும் பாய். பங்கு பிரிச்சிக் குடுத்துட்டுப் போறவன் இந்த வீட்டு ஆளுதான். தீனி வெக்கறதும் நீதான். சொல்லு."

உபைத்தின் விரல்கள் பிடரியில் நின்றுபோயின.

"ரெண்டு மாசமா வெல்லம் வெல்லம்னு என் ஜேப்பையே மோந்துகினு இருந்தா சார்," என்றான். "நேத்து பெசஞ்சி வெச்சப்போ, என் கைய நக்கிட்டுத்தான் தின்னா."

"என்னாங்க!" ஷாகிரா அலறினாள். "ஏங்க... ஏன்?"

"நொண்டிப் போனவள வெச்சி இன்னா பண்றது ஷாகிரா? புங்கனூர் சந்தைக்கு ஆளு விட்டுக் கேட்டேன். சிரிச்சான். ஃபைனான்ஸ்காரன் மூணாந்தரம் வந்துட்டான். ராவெல்லாம் நீ விரல மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டுகினு கெடக்கற... பாத்துகினே இருந்தேன். நாலயும் காப்பாத்த முடியாது. இவ ஒருத்திக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கு. ரெண்டு லட்சம். நோயில செத்தான்னு பேப்பரு வந்தா... மத்த மூணுமாவது பொழைக்கும். நீயும் தூங்குவ."

ஷாகிரா அவனையே பார்த்தாள்.

பிறகு சிரித்தாள். பார்க்கச் சகிக்காத சிரிப்பு!

"இன்ஷூரன்ஸா?"

உபைத் தலையாட்டினான்.

"நான் பட்ஜெட்ல மொதல்ல வெட்டினதே அதத்தாங்க!"

உபைத் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"மாசியிலயே புதுப்பிக்கல. உங்ககிட்ட சொன்னா கத்துவீங்கன்னு சொல்லல. நல்லா கல்லு மாதிரி இருக்கறவளுக்கு எதுக்குச் சாவுக் காசு கட்டணும்னு நெனச்சேன். அப்பறம் இவளுக்குக் குளம்புல புண்ணு வந்துச்சே... வைத்தியத்துக்குப் பணம் எங்கருந்து வந்துச்சுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? அந்தப் பணந்தான். எல்லாம் இவ காலுக்கே போட்டேன்!"

"வைத்தியம் பலிச்சிருக்கு," என்றார் கல்பனா, யாரையும் பார்க்காமல். "குளம்ப இப்பத்தான் பாத்தேன். புண்ணு உள்ளயே ஆறிப்போச்சு. லாடம் இல்லாததால கூசிக்கினு நொண்டியிருக்கு. அடிச்சிருந்தா நேரா நடந்திருக்கும்."

லாடம். ஆவணிக்குத் தள்ளிவைத்த லாடம்!

ஷாகிரா மடங்கி உட்கார்ந்தாள். குதிரையின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் அவன். இருவருமே சாந்தினியைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரையொருவர் தொடவில்லை.

வேடியப்பன் மொட்டைத் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னான். "யக்கா... ஆவணிக்கு என் குதிரைல ஒண்ண ஓட்டிக்கோ. வாடகை அப்பறம் பாத்துக்கலாம்."

அவள் காதில் அது விழுந்ததா, தெரியவில்லை.

* * *

உபைத் தானாகவே ஜீப்பில் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தான். கையில் இன்னும் வெல்லப் பிசுக்கு. ஒரு ஈ மொய்த்தது. அவன் விரட்டவில்லை.

தணிகைவேல் முன்சீட்டில் சரிந்தார். கண்ணை மூடினார். பானுப்ரியா சாவியைத் திருகாமல் திரும்பினாள்.

"சார், குதிரையக் கொன்னதுக்கு ஒரு செக்‌ஷன் இருக்கு. இன்ஷூரன்ஸ் மோசடிக்கும் சேத்து ஒண்ணு போடலாமா?"

"பாலிசியே இல்லியேம்மா. யார ஏமாத்தினான்னு போடுவ?"

"அவனே அவன ஏமாத்திக்கினான் சார். அவங்க வீட்டம்மாவும்தான்."

"அதுக்கொரு செக்‌ஷன் இருந்தா..." தணிகைவேல் தொப்பியை முகத்தின்மேல் கவிழ்த்துக்கொண்டார். "...திருத்தணில லாக்கப்புக்கும் வரிசை கட்டி நிப்பாங்கம்மா! அதுக்கும் பந்தோபஸ்து நாமதான்... வண்டிய எடு!"