‘இல்லை’ கட்டத்தில் ஒரு டிக்

திங்கட்கிழமை காலை 10.15. சலவைக்கடை வாசலில் தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு நீள உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். 10.20-க்கு உள்ளேயிருந்து, “நானா பொய்க்காரி?” என்று ஒரு சத்தம். 10.25-க்குத் தெருக்கோடி வரை விஷயம் போய்விட்டது. எங்கள் தெருவின் வேகத்துக்கு அது கொஞ்சம் தாமதம்தான்.

கடை இஸ்திரியக்காவுடையது. வயது ஐம்பத்தெட்டு. சென்ற வருடம் இதயத்தில் அடைப்பு எடுத்து, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவள். அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. மறைத்திருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். துணி போட வந்தவர்கள் எல்லாம் அந்த ஆபரேஷனை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் ரசீது வாங்க முடியும்.

இரண்டு மாதம் முன்பு, மகளோடும் மாப்பிள்ளையோடும் கடல் பார்க்க வெளிநாடு போனாள். ஐந்து நாள் பயணம். இரண்டாம் நாள் ஓட்டல் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், மிச்சத்தை ஆஸ்பத்திரியில் கழித்தாள். பில் புடவை நீளத்துக்கு வந்தது. கடையை அடமானம் வைத்துக் கட்டினார்கள். பரவாயில்லை, பயண இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று இருந்தாள். அதுவும் சாதாரண இன்சூரன்ஸ் இல்லை. இதய நோய் உள்ளவர்களுக்கு என்று இரண்டு மடங்கு கட்டணம் கட்டியது. “போகாத உசுருக்கு இவ்வளவு செலவா?” என்று அப்போது தெருவே சிரித்தது.

இப்போது வந்த கடிதம் இப்படிச் சொன்னது: ‘கடந்த இரண்டு ஆண்டுகளில் இதய நோய் உண்டா என்ற கேள்விக்கு நீங்கள் “இல்லை” என்று குறித்து, உண்மையை மறைத்துள்ளீர்கள். எனவே இழப்பீடு கிடையாது.’

“கடை போனாக்கூடப் போகட்டும்” என்றாள் அக்கா. “நான் மறைச்சேன்னு எழுதியிருக்கான் பாரு, அதை அவன் வாயாலேயே இல்லைன்னு சொல்ல வைக்காம விடமாட்டேன்.”

புதன்கிழமை காலை 11.00. இன்சூரன்ஸ் கம்பெனியின் விசாரணை அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். கக்கத்தில் கோப்பு, முகத்தில் பல் வலிக்காரனின் பொறுமை. அக்கா அவரை உட்காரச் சொல்லிவிட்டு இஸ்திரி போடுவதை நிறுத்தவில்லை. பக்கத்தில் மாப்பிள்ளை, துணி மடிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்.

“அம்மா, கம்பெனி கால் பங்கு தர்றதா சொல்லுது. ‘கவனக்குறைவால் மறைத்துவிட்டேன்’னு இதுல ஒரு கையெழுத்து போட்டா போதும்.”

“மறைக்கலியே சார்.”

“கால் பங்கும்மா. சும்மா வருது.”

“முழுசா குடுத்தாலும் அதுல கையெழுத்து போட மாட்டேன்.”

அதிகாரி பெருமூச்சு விட்டு நோட்டைத் திறந்தார்.

“ஃபாரத்தை எங்க வெச்சு எழுதினீங்க?”

“இதே கடையில, அந்தக் கல்லா மேசையில. டூர்க்காரத் தம்பியே கொண்டுவந்து குடுத்துச்சு.”

“யாரு எழுதினது?”

“நான்தான். என் கையால. ‘உண்டு’ன்னு இருந்த கட்டத்துல டிக் போட்டேன்.”

“அப்புறம்?”

“அன்னிக்குக் கையில பணம் இல்ல. ஃபாரம் ராத்திரி டிராயர்ல கிடந்துச்சு. மறுநாள் மாப்பிள்ளைதான் பணத்தையும் ஃபாரத்தையும் கொண்டுபோய் டூர் ஆபீஸ்ல குடுத்தாரு.”

அதிகாரியின் தலை மெல்லத் திரும்பியது. மாப்பிள்ளை மடித்த சட்டையையே மறுபடி மடித்தார்.

“நீங்க இந்த இன்சூரன்ஸ் வேண்டாம்னு சொன்னீங்களாமே?”

“சொன்னேன் சார். ரெட்டிப்புக் காசாச்சேன்னு சொன்னேன். ஆனா அத்தை குடுத்ததை அப்படியே கட்டினேன்.”

“இதய நோய்க்கான கூடுதல் கட்டணம் எங்க கம்பெனிக்கு வரல. சாதாரணக் கட்டணம்தான் வந்திருக்கு.”

“ரசீது இருக்கு சார்.”

“பார்த்தேன். ‘பயணச் செலவு மொத்தம்’னு ஒரே வரி. இன்சூரன்ஸுக்கு எவ்வளவுன்னு தனியா இல்ல.” அதிகாரி பேனாவைத் தட்டினார். “டூர்க்காரர்கிட்ட கேட்டேன். ஃபாரம் கைக்கு வரும்போதே ‘இல்லை’ன்னுதான் இருந்ததாம். வேற யாராவது நடுவுல காசு பார்த்தாங்களான்னு வீட்டுக்குள்ள விசாரிங்கன்னாரு.”

மாப்பிள்ளையின் காது சிவந்தது. மத்தியானத்துக்குள் அந்த வீட்டில் மகள் அழுதுவிட்டாள் என்பதும், மாப்பிள்ளை சாப்பாட்டைத் தொடவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது.

அக்கா அடுத்த துணியை எடுத்தாள். அவள் கையில் இருந்தது ஒரு வெள்ளைச் சட்டை. பையின் அடியில் மைக்கறை இரண்டு, இரண்டும் நீலம், பட்டாணி அளவு. இஸ்திரிப் பெட்டி ஒருமுறை ஏறி இறங்கியது. அக்கா சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். “கைராசியைப் பாருங்க மாப்பிள்ளை. ஒண்ணு தானா போயிடுச்சு. இன்னொண்ணு அழுத்தக்காரன், சோப்பு கேக்குது” என்றாள். மறுபடி பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அந்தக் கடையில் இஸ்திரி நடுவில் நின்று நாங்கள் பார்த்ததில்லை.

“சார், அந்த ஃபாரம் உங்ககிட்ட இருக்கா? நகல் இல்ல, அசல்.”

“இருக்கு. கையெழுத்து ஒப்பிடக் கொண்டுவந்தேன்.”

அக்கா மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தாள். பெயர், முகவரி, பதினான்கு கேள்விக்கு டிக், அடியில் அவள் கையெழுத்து. அதற்கும் கீழே ‘முகவர்’ என்ற இடத்தில் டூர்க்காரரின் கையெழுத்து. எல்லாம் ஒரே நீலம். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

“சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க சார். இதையும் கொண்டுவாங்க.”

“எதுக்கும்மா?”

“கையெழுத்துப் போடறதா வேண்டாமான்னு அப்போ சொல்றேன்.”

அவர் போனதும் அக்கா இரண்டு காரியம் செய்தாள். டூர் ஆபீஸுக்கு போன் போட்டு, “தம்பி, உங்க சட்டை ரெடி. நாலு மணிக்கு வந்து வாங்கிக்குங்க” என்றாள். பிறகு எதிரே ஐஸ்கிரீம் கடைக்குப் போய், “அண்ணே, உங்க ஃப்ரீசர்ல ஒரு தட்டு அளவு இடம் வேணும்” என்றாள்.

மாலை 4.00. சலவைக்கடையில் அன்று துணி வாங்க ஒரே நேரத்தில் பதினோரு பேர் வந்திருந்தோம். தற்செயல்தான்.

டூர்க்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். தெருவில் பாதிப்பேர் அவர் தயவில்தான் ஊர் பார்த்தவர்கள். அதிகாரியைக் கண்டதும் சிரிப்பு பாதியானது.

“அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க, கம்பெனிக்காரங்க குடுக்கறதை வாங்கிக்கிட்டு விட்டுடுங்க. உடம்பு முக்கியம்.”

“உடம்பு கிடக்கட்டும் தம்பி. அன்னிக்கு ஃபாரம் எழுத என் கல்லாப் பேனாவை எடுத்தேன். நீங்க என்ன சொன்னீங்க?”

“ஞாபகம் இல்லையே.”

“‘அது வேண்டாம்க்கா, இதுல எழுதுங்க, வழுக்கிட்டுப் போகும்’னு உங்க பேனாவைக் குடுத்தீங்க.”

“குடுத்திருப்பேன். பேனா குடுக்கறது தப்பா?”

“தப்பே இல்ல. முடிச்சதும் மறக்காம வாங்கிக்கிட்டும் போனீங்க. சார், இந்த ஃபாரத்தை உங்க போன்ல ஒரு படம் எடுத்துக்குங்க. நல்லாத் தெரியற மாதிரி. எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு.”

அக்கா ஃபாரத்தை இஸ்திரி மேசையில் குப்புறப் போட்டாள். மேலே ஒரு மெல்லிய துணி. யாரும் மூச்சு விடுவதற்குள் இஸ்திரிப் பெட்டி அதன்மேல் உட்கார்ந்துவிட்டது.

“அம்மா! அது அசல்!” அதிகாரி பாய்ந்தார். அக்கா ஒரு கையால் அவரை நிறுத்தினாள். அந்தக் கை முப்பது வருடமாக ஈரப் போர்வை பிழிந்த கை. அவர் நின்றார்.

ஃபாரத்தைத் திருப்பினாள்.

அச்சடித்த கேள்விகள் இருந்தன. பெயர் இல்லை. முகவரி இல்லை. அக்காவின் கையெழுத்து இல்லை. பதின்மூன்று டிக் இல்லை. கடையில் இருந்து வாங்கி வந்த புதுக் காகிதம் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

“சார், பார்த்தீங்களா? சாட்சியையே அழிச்சிட்டாங்க!” டூர்க்காரருக்குக் குரல் திரும்பி வந்தது. “எழுதிக்குங்க. இதுக்குத்தான் நான் இந்த மாதிரி ஆளுங்களுக்கு இன்சூரன்ஸே போடறதில்ல!”

“எல்லாம் அழியல தம்பி” என்றாள் அக்கா. “சார், மிச்சம் என்ன இருக்குன்னு சத்தமாப் படிங்க. பின்னாடி நிக்கறவங்களுக்கும் கேக்கட்டும்.”

அதிகாரி குனிந்தார். “இதய நோய்க் கேள்வியில... ‘இல்லை’ கட்டத்து டிக். அப்புறம்...” அவர் நிமிர்ந்தார். “முகவர் கையெழுத்து.”

“சரி. இப்போ ஐஸ்கிரீம் கடைக்குப் போவோம்.”

டூர்க்காரருக்குத் திடீரென்று ஒரு அவசர வேலை ஞாபகம் வந்தது. சட்டைகூட வேண்டாமாம். வாசலில் நாங்கள் பதினோரு பேரும் கொஞ்சம் நெருக்கமாக நின்றிருந்ததால் அவரால் போக முடியவில்லை.

மணி 4.15. பிளாஸ்டிக் உறையில் போட்ட ஃபாரம் வெண்ணிலா டப்பாக்களுக்கு நடுவே படுத்தது. அதிகாரி ஃப்ரீசர் மூடியில் கை வைத்துக் காவல் நின்றார். மணி 4.45. அக்கா உறையை வெளியே எடுத்தாள்.

பெயர் வந்திருந்தது. முகவரி வந்திருந்தது. அக்காவின் கோணல் கையெழுத்து வந்திருந்தது. கொஞ்சம் வெளிறிப்போயிருந்தாலும் எல்லாம் வந்திருந்தது. கூடவே, போனில் எடுத்த படத்தில் இல்லாத ஒன்றும் வந்திருந்தது. இதய நோய்க் கேள்வியில், ‘உண்டு’ கட்டத்தில், ஒரு டிக்.

ஒரே கேள்விக்கு இரண்டு டிக். ஒன்று சூட்டுக்குப் பயந்தது, ஒன்று பயப்படாதது.

“சூடு பட்டா மறையற மை சார் இது” என்றாள் அக்கா. “தேய்ச்சாலும் சூடுதானே? பேனா வாலால நாலு தேய் தேய்ச்சா, டிக் போயிடும். காகிதத்துல கீறல்கூட விழாது. கடுங்குளிர்ல திரும்ப வரும். எங்க தொழில்ல துணிக்கு அடையாளம் போட இந்த மாதிரிப் பேனா ஒரு சமயம் வந்துச்சு. இஸ்திரி வெச்சதும் அடையாளம் காணாமப் போய், யாரு வேட்டி யாருக்குன்னு அடிதடி ஆச்சு. தூக்கிப் போட்டுட்டேன்.”

“சரிம்மா. ஆனா தேய்ச்சது இவர்தான்னு எப்படி? ஃபாரம் ஒரு ராத்திரி உங்ககிட்டயே இருந்திருக்கு. மாப்பிள்ளை கையில போயிருக்கு.”

“அங்கதான் சார் எல்லாரும் ஏமாந்தோம். ‘இல்லை’ன்னு யாரு போட்டாங்கன்னே தேடினோம். ‘உண்டு’ங்கறது அழியும்னு யாருக்குத் தெரியும்னு தேடல. எழுதின எனக்கே தெரியாது. மாப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சது பேனாக்காரருக்கு மட்டும்தான். அதனாலதான் எனக்கு அழியற பேனாவைக் குடுத்துட்டு, தன் கையெழுத்தையும் அந்த ‘இல்லை’ டிக்கையும் மட்டும் அழியாத பேனாவால போட்டிருக்காரு. தன் மையையே நம்பாதவர்! காலையில இவர் சட்டைப் பையில ரெண்டு கறை. பார்க்க ரெண்டும் ஒண்ணு. ஒண்ணு சூட்டுல ஓடிச்சு, ஒண்ணு ஓடல. அப்போ பையில ரெண்டு விதப் பேனா இருக்குன்னு அர்த்தம். உடனே கேட்டுக்கிட்டேன்: ஒரே நிறத்துல ரெண்டு பேனா ஒரு மனுஷனுக்கு எதுக்கு?”

அதிகாரி கையை நீட்டினார். டூர்க்காரரின் பையிலிருந்து இரண்டு நீலப் பேனாக்கள் வந்தன. ஒன்றின் வாலில் ஒரு சின்ன ரப்பர்க் குமிழ். தன் நோட்டில் அந்தப் பேனாவால் ஒரு கோடு போட்டு, குமிழால் தேய்த்தார். கோடு போய்விட்டது.

“எங்ககிட்ட ரெட்டிப்புக் கட்டணம் வாங்கிக்கிட்டு, கம்பெனிக்கு ஒத்தைக் கட்டணம். நடுவுல இருக்கறது தம்பிக்கு” என்றாள் அக்கா. “பயணத்துல யாருக்கும் ஒண்ணும் ஆகாத வரைக்கும் எவனுக்கும் தெரியாது. நூத்துல ஒருத்திக்குத்தான் நெஞ்சு வலிக்கும். அவளும் பயந்து கால் பங்குக்குக் கையெழுத்துப் போட்டுடுவா. நல்ல கணக்கு. ஆள்தான் தப்பு.”

“அக்கா, நம்ம தெரு ஆளு நான்...” என்று ஆரம்பித்தான் டூர்க்காரன். அந்த நிமிடத்திலிருந்து தெருவில் அவனுக்கு ‘அவர்’ போய்விட்டது.

“மாப்பிள்ளை பேர்ல பழி போட்டப்போ நம்ம தெரு ஞாபகம் வரலியா?”

அதிகாரி மெதுவாகச் சொன்னார், “இவர்கிட்டேருந்து எங்க ஆபீஸ்ல இன்னும் அறுபத்துமூணு ஃபாரம் இருக்கு.” அப்போதுதான் எங்களில் நாலைந்து பேருக்கு, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் தாங்கள் போட்ட டிக்குகள் ஞாபகத்துக்கு வந்தன. நாங்கள் இன்னும் நெருங்கி நின்றதால், போலீஸ் வந்தபோது டூர்க்காரன்தான் அவர்களை அதிகம் வரவேற்றான்.

வெள்ளிக்கிழமை காலை 10.40. அதிகாரி புதுக் கடிதத்தோடு வந்தார். முழுத் தொகை. அக்கா நின்றபடி படித்தாள்.

“‘நல்லெண்ண அடிப்படையில், சலுகையாக’... இது என்ன சார்?”

“அது வழக்கமா போடறதும்மா. பணம் முழுசா வருது.”

“நான் சலுகை கேட்டேனா? காசு குடுத்து வாங்கினதைக் கேட்டேன். வேற எழுதிக்கிட்டு வாங்க.”

“மேலதிகாரி ஒத்துக்கணும்மா.”

“போன் அதோ இருக்கு.”

நாற்பது நிமிடம் ஆனது. மூன்று மேலதிகாரிகள். முதலாமவர் கோபப்பட்டார், இரண்டாமவர் சிரித்தார், மூன்றாமவர் ‘அறுபத்துமூன்று’ என்ற எண்ணைக் கேட்டதும் ஒத்துக்கொண்டார். 11.20-க்கு அதிகாரி அந்த வரியை அடித்துவிட்டு, மேலே கையால் எழுதி, சீல் வைத்தார். அக்கா கடிதத்தை வாங்கவில்லை.

“வாசல்ல நின்னு படிங்க சார். திங்கக்கிழமை என்னைப் பொய்க்காரின்னு பேசினவங்க எல்லாம் அங்கதான் நிக்கறாங்க.”

அவர் படித்தார். “இவர் எதையும் மறைக்கவில்லை. இத்தொகை இவரது உரிமை.” எங்களில் சிலர் செருப்பைப் பார்த்துக்கொண்டோம்.

“போதும் அத்தை” என்றார் மாப்பிள்ளை, கண்ணைத் துடைத்தபடி. “இனிமே பயணமும் வேண்டாம், இன்சூரன்ஸும் வேண்டாம்.”

“யாரு சொன்னது? கடல்ல எனக்கு இன்னும் மூணு நாள் பாக்கி இருக்கு” என்றாள் அக்கா. “சார், ஒரு புது ஃபாரம் எடுங்க. ரெட்டிப்புக் கட்டணம்தான், தெரியும். இந்தத் தடவை பணத்தை நேரா உங்க கம்பெனியிலதான் கட்டுவேன்.”