காயாத சோற்றுப் பருக்கை

ஜன்னலில் கிடந்த கடித உறையை ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கை இன்னும் காயவில்லை. அம்சவல்லி கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள், நசுங்கிப் பிசுபிசுத்தது.

எழுத்து அவள் புருஷன் சேரனுடையதுதான். பட்டாளத்துக்குப் போன பிறகும் அவனுக்குப் பசை என்றால் சோறுதான். ஆனால் அவன் இருப்பது செல்போன் எடுக்காத பனிமலைக் காவலில். அங்கிருந்து கடிதம் பூதலூருக்கு வந்து சேரப் பத்து நாளாகும். அதற்குள் பருக்கை கல்லாகக் காய்ந்திருக்க வேண்டாமா?

மழை ஈரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பிரித்தாள். பயத்தைவிட எரிச்சல்தான் முந்தியது. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்து இரண்டு மாதம். எழுதிய கடிதத்தில் எல்லாம் ஒரே கேள்வி: லீவு எப்போது? அந்த மகராசனோ ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கி, பனி, குளிர், மறுபடி பனி என்று முடித்துவிடுவான். கேட்டதற்குப் பதில் மட்டும் வராது.

இந்தக் கடிதத்தில் நல விசாரிப்பே இல்லை.

“லீவு கிடைத்துவிட்டது. தொட்டிலுக்கு உன் பழைய பச்சைச் சேலை போதும். பெயரை நானே வைக்கிறேன். நீ சொன்னபடியே வருகிறேன்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்புறம்தான் உறைத்தது. தொட்டிலையும் பெயரையும் அவள் கேட்டதே நேற்று இரவு எழுதிய கடிதத்தில்தான். ஆத்திரத்தில் கடைசி வரியாக, “எந்தக் கோலத்திலாவது வந்து தொலை” என்று கிறுக்கியதும் அதில்தான். ஓடிப்போய் அலமாரியைத் திறந்தாள். அவள் கடிதம் ஒட்டியபடியே அங்கே இருந்தது.

தெருவில் சைக்கிள் மணி கேட்டது. தபால்காரர் வீரையன்.

“அண்ணே, இந்தக் கடுதாசிய எப்ப போட்டீங்க?”

“நான் எங்கம்மா போட்டேன்? நாலு நாளா மழை, தபால் பையே வரலை.”

“பின்ன ஜன்னல்ல எப்படி வந்துச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்களேன்!”

“என்கிட்ட கோவிச்சுக்கிட்டு என்னம்மா பண்றது?” என்று அவர் மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

நடவுக்குப் போன அம்மா இன்னும் திரும்பவில்லை. மழைமூட்டத்தில் நாலு மணிக்கே வீடு இருண்டது. வயலின் சேற்று வாடைக்கு நடுவே நனைந்த கம்பளி வாடை மெல்ல ஏறியது, தரையிலிருந்து கிளம்பிய குளிர் கணுக்காலைக் கடித்தது, அடுப்படியில் சோற்றுப்பானை மூடி நகரும் ஓசை கேட்டது.

போன் அடித்தது.

“சேரன் வீடுங்களா? அவர் பட்டாளக் கம்பெனியிலேர்ந்து அண்ணாதுரை பேசுறேன். பக்கத்துல பெரியவங்க யாராச்சும் இருந்தா குடுங்கம்மா.”

“எதுவா இருந்தாலும் என்கிட்டயே சொல்லுங்க!”

“முந்தாநாள் பனி சரிஞ்சு... இன்னும் ஆளை எடுக்க முடியலம்மா.”

போன் நழுவியது. அடுப்படிக்குப் போனாள். பானை திறந்திருந்தது. மத்தியானம் வடித்த சோறு உறைந்து கட்டியாகிக் கிடந்தது. அதில் நாலு விரல் தோண்டிய பள்ளம்.

பின்னால் கிரீச் என்றது. உத்தரம்.

பிள்ளை பிறக்குமுன் யாரும் தொட்டில் கட்டுவதில்லை. வெறும் தொட்டிலை ஆட்டுவதுமில்லை.

திரும்பினாள்.

பச்சைச் சேலை. தொட்டில். ஆடிக்கொண்டிருந்தது. வயிற்றுப் பிள்ளை ஒருமுறை உதைத்தது. அப்புறம் அசையவில்லை.

தொட்டில் விளிம்பைப் பிடித்திருந்தது பனி மூடிய ஒரு கை. விரல் நுனிகளில் சோற்றுப் பருக்கை.