நாலாவது கேள்வி

செல்போன் அலறியது!

கள்ளக்குறிச்சியில் ஒரு முதியோர் உதவி அமைப்பின் மாடி அறை. ஒரே மேஜை. ஒரே ஆள். பிரின்சி எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் தீனதயாளன் பேசறேன். களமருதூர் ராஜாங்கம் விஷம் குடிச்சு செத்துக் கெடக்காரு. காலைல எட்டு மணிக்கு பால்காரரு பாத்திருக்காரு."

ராஜாங்கம்... ஒண்டிக்கட்டை. அவள் தயாரித்த ஆன்லைன் படிவத்தைப் போன மாதம் நிரப்பியவர்.

பத்தரைக்கு தீனதயாளன் நேரில் வந்தார். பின்னால் கண்ணைத் துடைத்தபடி பிரவீன்குமார். அமைப்பின் மேனேஜர். செத்தவருக்குத் தம்பி மகன். நிலத்துக்கு ஒரே வாரிசு.

"உன் ஃபார்ம இவருதான் காட்டினாரு. நாலாவது கேள்வி. 'சாகத் தோன்றுகிறதா?' ஆம்னு போட்டுக்கிறாரு. ஒரு மாசமா இன்னாம்மா பண்ணிக்கினு இருந்த?"

"பெரியப்பாவ நீதான் கொன்னுட்ட," என்று விம்மினான் பிரவீன்குமார்.

வேலை போகும். கேஸ் வரும். போகட்டும்... ஒரு பெரியவர் கதறியும் போகாத பாவம்! அதைத்தான் பிரின்சியால் தாங்க முடியவில்லை.

"சார், நான் அப்படி கேக்கவே இல்லீங்க."

"ஃபார்ம்ல இருக்குதே?"

"இப்ப இருக்குதுங்க. பழசப் பாக்கலாம் இருங்க."

படிவம் வெளியான பிறகு யார் கை வைத்தாலும் பழைய வடிவம் அழியாது. திருத்தியவர் பெயர், நாள், நேரத்தோடு உள்ளே பத்திரமாக இருக்கும். பிரின்சி அதைத் திறந்தாள்.

'பேச யாராவது வந்தால் பிடிக்குமா?'

பதில்: ஆம்.

"கேள்விய மாத்தினா பதில் மாறாது சார். அப்படியே புதுக் கேள்விக்குக் கீழ ஒக்காந்துக்கும். ஆனா மாத்தினவருக்கு ஒண்ணு தெரியல. கேள்வி எல்லாருக்கும் பொது."

"அப்டின்னா?"

"நாப்பத்திமூணு பேரு ரொப்பினாங்க. அத்தினி பேரும் ஆம். இப்ப பாத்தா நாப்பத்திமூணு பேருக்கும் சாகணும்னு தோணுதாம்."

சொல்லும்போதே அழுகை முட்டியது. அத்தனை பேரும் பேச ஆள் கேட்டிருந்தார்கள். போய்ப் பார்க்க அனுமதி கேட்டு அவள் எழுதிய கடிதம் கீழே மேனேஜர் அறையிலேயே கிடந்தது.

தீனதயாளன் திரையில் குனிந்தார்.

திருத்தியவர்: பிரவீன்குமார். இன்று காலை, ஆறு பத்து.

"பொணத்தப் பாத்ததே எட்டு மணிக்கு. ஆறு மணிக்கே ஒனக்கு யாரு தம்பி சொன்னா?"

பிரவீன்குமாரின் அழுகை சட்டென்று நின்றது.

"சார்... நான் வக்கீல்கிட்ட பேசணும்."

"பேசலாம், ஜீப்ல ஏறு. ஒங்க பெரியப்பா மாதிரி தனியா வுட மாட்டோம். பேச்சுத் தொணைக்கு ஸ்டேஷன்ல நாங்க நாலு பேரு இருக்கோம்."