முதுகு காட்டாத கல்

பென்னி அனுப்பிய நான்கு படங்களும் ஒரே படமாக இருந்தன.

"கல்லறையோட நாலு பக்கமும் வேணும்னு கேட்டேன் பென்னி. நீங்க முன்பக்கத்தையே நாலு தடவை அனுப்பியிருக்கீங்க," என்றாள் மகிழினி போனில். சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்டு இங்கே வந்து செத்துப்போனவர்களைப் பற்றி அவள் ஒரு புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தாள். "வெறும் கல்லா இருந்தாலும் பரவாயில்ல. பின்பக்கத்த இதுவரைக்கும் யாருமே எடுத்ததில்ல."

"நா சுத்திச் சுத்தி வந்து எடுத்தேன் மேடம்."

"அப்ப மாத்தி அனுப்பிட்டீங்க போல. நாளைக்கு அச்சுக்குப் போகுது."

பென்னி கேமராவில் பார்த்தான். அதிலும் அப்படித்தான். நான்கிலும் அதே மூக்கு உதிர்ந்த கல்முகம். ஆனால் ஒன்றில் அதன் பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. இன்னொன்றில் குடோன் சுவர். மற்றொன்றில் இரும்பு கேட். நாலாபக்கமும் நின்று எடுத்ததற்கு அதுவே சாட்சி. அப்படியானால் முகம் எப்படி?

பாசி படிந்ததில் நிழல் விழுந்திருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். ராயபுரம் முழுக்கக் கல்யாணம், ஞானஸ்நானம், சாவு எல்லாம் எடுத்தவன் அவன். எந்தப் படத்துக்குக் கீழும் அவன் பெயர் வந்ததில்லை. இந்தப் புத்தகத்தில் வரப்போகிறது என்று மனைவி சாராவிடம் சொல்லி, அவள் அதைக் குடியிருப்பின் மாடிப்படி தோறும் சொல்லி முடித்திருந்தாள். பையை மாட்டிக்கொண்டு மறுபடி கிளம்பினான்.

சாலையில் கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை அசையாமல் நின்றன. ஷேர் ஆட்டோ அவற்றுக்கு நடுவே கொஞ்சம் நகர்ந்து, நின்று, மறுபடி கொஞ்சம் நகர்ந்தது. டீசல் புகையும் எங்கிருந்தோ வந்த அமோனியா நெடியும் தொண்டையில் உட்கார்ந்துகொள்ள, பாதி வழியில் இறங்கித் திட்டிக்கொண்டே நடந்தான். குடோனுக்குப் பின்னால் இருந்த பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

கேட்டுக்கு எதிரே நெத்திலி காயப்போட்டிருந்த சிலுவையம்மாளிடம்தான் சாவி இருந்தது.

"மறுக்காவா? காலைல தான எடுத்துகினு போன?"

"சரியா வரல."

"யாருக்கும் வராது. அந்த ராஜாவுக்கே அவுரு ஊரு எந்தப் பக்கம் கீதுன்னு தெரில. அதான் எல்லாப் பக்கமும் பாத்துகினு கீறாரு." சாவியை அவன் கையில் போட்டுவிட்டு நெத்திலியைப் புரட்டப் போய்விட்டாள்.

கிழக்குக் கடலில் ஏதோ ஒரு தீவின் ராஜாவாம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்து, சாகும்வரை இங்கேயே அடைத்துவைத்திருந்தார்களாம். கல்லறை என்று இருந்தது இடுப்புயர மேடை ஒன்றும், அதன்மேல் ஆளுயரச் சதுரக் கருங்கல் ஒன்றும்தான். கல்லின் முன்பக்கத்தில் அவர் முகத்தைச் செதுக்கியிருந்தார்கள். உப்புக்காற்று மூக்கைத் தின்றிருந்தது. தடித்த இமைகள், இறுக மூடிய வாய். மற்ற மூன்று பக்கமும் வழவழவென்று பாசி படிந்த மொட்டைக் கல்.

பென்னி பின்னால் போய் நின்றான். மொட்டைக் கல். கண்ணால் நன்றாகப் பார்த்தான். எடுத்தான். கேமராவைத் திருப்பினான்.

முகம்.

லென்ஸைக் கழற்றித் துடைத்து மாட்டினான். வேறு கார்டு போட்டான். குந்தி எடுத்தான், மேடையில் ஏறி எடுத்தான், கள்ளிச்செடியில் கால் கிழிய வலப்பக்கம் போய் எடுத்தான். முகம், முகம், முகம். எரிச்சலில் பல்லைக் கடித்தபடி பையிலிருந்து வெள்ளை டேப்பைக் கிழித்து, பின்பக்கத்துக் கல்லின் நடுவில், வெறும் பாசியின்மேல், அழுத்தி ஒட்டிவிட்டு எடுத்தான்.

படத்தில் டேப் அந்த முகத்தின் வாய்மேல் ஒட்டியிருந்தது.

சாலையில் ஹாரன் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இந்த மதிலுக்குள் மட்டும் அது தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் மழுங்கி வந்தது. கேட்டுக்கு வெளியேயிருந்து வந்த கருவாட்டு வாடை போய், வேறொரு வாடை எழுந்தது. நாள்பட்ட ஈரமும், பாய்மரத் துணியும், நெடுநாள் திறக்காத வாயும் சேர்ந்த வாடை. இன்னொன்று எடுத்தான். அந்தப் படத்தில் டேப்பின் ஒரு முனை பிய்ந்து தொங்கியது. உதடுகள் லேசாகப் பிரிந்திருந்தன.

நிமிர்ந்து கல்லைப் பார்த்தான். பாசியின்மேல் டேப் ஒட்டியபடியே இருந்தது.

அப்போதே போயிருக்கலாம். போகத்தான் நினைத்தான். ஆனால் விடிந்ததும் மகிழினி வேறு ஆளை அனுப்புவாள், புத்தகத்தில் அந்த ஆளின் பெயர் வரும், மாடிப்படியில் நிற்பவர்கள் சாராவிடம் இன்னாச்சி என்று கேட்பார்கள். கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"ஒரே ஒரு படம்யா," என்றான் கல்லிடம். "உனுக்கு இன்னா நஷ்டம்?"

கேமராதான் ஏதோ கோளாறு செய்கிறது. போனில் எடுத்தால்? அதிலும் நேராகப் பார்த்து எடுக்காமல், திரும்பி நின்று, செல்ஃபி மாதிரி? பின்பக்கத்துக் கல்லுக்குத் தன் முதுகைக் கொடுத்து மேடையில் சாய்ந்தான். போனை உயர்த்தினான். திரையில் வியர்த்து வழிந்த அவன் முகமும், தோளுக்குப் பின்னால் கல்லும் தெரிந்தன. கழுத்தில் சில்லென்று ஒரு காற்று. வெயில் நேரத்தில் வருகிற கடல்காற்று இல்லை அது. அழுத்தினான்.

மொட்டைக் கல். பாசி. டேப்.

பென்னிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கேமராவால் நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி எடுத்தான். பின்பக்கம் மொட்டை. இடம் மொட்டை. வலம் மொட்டை. கடைசியாக எடுத்த முன்பக்கத்தைப் பார்க்கக்கூடப் பொறுக்காமல் எல்லாவற்றையும் அங்கேயே நின்று மகிழினிக்கு அனுப்பினான்.

கேட்டை நெருங்குவதற்குள் போன் அடித்தது.

"இப்ப சரியா வந்திருக்கு பென்னி. ஆனா முன்பக்கமும் மொட்டையா இருக்கே? முகம் எங்க?"

"காலைல அனுப்பினதுல கீது பாருங்க மேடம்."

"அதத்தான் திறந்து பாத்துக்கிட்டிருக்கேன். அதுலயும் இல்ல."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "நாளிக்குப் பேசறேன்," என்று வைத்துவிட்டான். ஒரு வேலையாவது ஒழுங்காக முடிகிறதா? அது கிடைத்தால் இது இல்லை. சாவியைச் சிலுவையம்மாளிடம் நீட்டினான். அவள் தலை நிமிராமல் வாங்கிக்கொண்டாள். அவளைக் கடந்து சில அடிகள் போயிருப்பான், நெத்திலித் தட்டு கீழே விழுகிற சத்தம் கேட்டது. காலையிலிருந்து நீ, வா, போ என்று பேசியவள் பின்னாலிருந்து நடுங்கும் குரலில் சொன்னாள்:

"பொயிட்டு வாங்க சாமி. உங்க ஊட்டுக்கே பொயிட்டு வாங்க."

ஷேர் ஆட்டோவில் அவனுக்குப் பின் இருக்கையில் ஒரு பெண்ணும் கைக்குழந்தையும். குழந்தை சட்டென்று வீறிட்டது. அந்தப் பெண் குழந்தையின் முகத்தை மாரோடு மூடிக்கொண்டு, வண்டி நிற்பதற்குள் குதித்து இறங்கினாள். அவர்கள் இறங்க வேண்டிய இடம் அது இல்லை என்று டிரைவர் சத்தம் போட்டான். பென்னியின் பின்கழுத்து அரித்தது. பாசி ஒட்டியிருக்கும். சொறியக் கையைத் தூக்கினான். ஏனோ இறக்கிக்கொண்டான்.

விளக்கு வைக்கிற நேரத்தில், இன்னும் விளக்குப் போடாத வீட்டுக்குள் நுழைந்தான். சாரா அடுப்படியில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். புளி கொதிக்கும் மணம். கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, நெற்றியைக் கதவில் சாய்த்தான். அப்பாடா.

"இன்னாயா, வந்ததும் என்னியே அப்டி உத்துப் பாத்துகினு நிக்கிற?" என்றாள் சாரா.

பென்னி கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போட்டோ ஓகேவா?" என்று கேட்டாள். கொஞ்சம் பொறுத்து, யாரோ பதில் சொன்னதுபோல், "ஆங், அதான பாத்தேன்," என்றாள்.

அவன் வாயைத் திறக்கவேயில்லை.

கையைத் தூக்கினான். பின்னந்தலை. முடி இல்லை. சொரசொரத்த, குளிர்ந்த நெற்றி. அதற்குக் கீழே மேடாக ஒன்று. இமை.

அது அவன் விரலுக்கடியில் சிமிட்டியது.

சாரா என்று கத்தினான். தொண்டை அதிர்ந்தது. குரல் வந்தது. முதுகுப் பக்கத்திலிருந்து. கரகரப்பாக, மெதுவாக, அவன் ஒருபோதும் கேட்டிராத ஒரு பாஷையில்.

"அய்ய, இன்னா பாஷ இது?" சாரா சிரித்தாள். "பசியா? தோ, போடறேன். வா, உக்காரு."

தாழ்ப்பாளைப் பிடித்தான். விரல்கள் கழன்றன. கால்கள் நகரத் தொடங்கின. அவனைக் கேட்காமல். பின்னோக்கி. ஒவ்வொரு அடியாக, அவசரமே இல்லாமல், அடுப்படியை நோக்கி.

தட்டு வைக்கும் சத்தம். மணை இழுபடும் சத்தம். சாராவின் வளையல்.

அவனுக்குக் கதவு மட்டும்தான் தெரிந்தது. அது தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.