டெல்லாவின் ஃபைல் எங்கே?

"மேடம்ம்ம்!"

காரியதரிசி டாட்டி அலறிய அலறலில் மேவிஸ் பாஸ்கமின் காபி மேஜையெல்லாம் கொட்டியது.

நியூ ஹாம்ப்ஷயர், 1988. நவம்பர் முதல் தேதி, மதியம் மூன்று மணி. விட்கோம் கல்லூரிக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கிறவர்களுக்கு இன்று ஐந்து மணிதான் கெடு. சேர்க்கை அலுவலகத்தில் மேவிஸ் வைத்ததுதான் சட்டம்!

"சாப்பாட்டு நேரத்துல யாரோ பூட்டை உடைச்சிருக்காங்க! ஒரே ஒரு ஃபைல்தான் காணோம்... டெல்லா கிட்ரிட்ஜ்! வந்து சேர்ந்த முத்திரைகூட இன்னும் குத்தலை!"

மேவிஸ் கொட்டிய காபியை அப்படியே விட்டு எழுந்தாள்.

டெல்லாவின் அப்பா ராய்ஸ் 1961-ல் படித்து முடித்த பழைய மாணவர் என்று ஊருக்கே தெரியும். பழைய மாணவரின் பிள்ளைக்கு இங்கே தனி மவுசு. விஷயம் தெரிந்தால் மனிதர் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்!

போலீஸுக்குச் சொல்லிவிட்டு, பயந்துகொண்டே அவருக்கும் போன் செய்தாள்.

"அஞ்சு மணிக்குள்ள நகல் கொண்டு வந்துட்டா போதும், மிஸ்டர் கிட்ரிட்ஜ்..."

"எதுக்கு மேடம் சிரமம்? விட்டுடுங்க. வேற காலேஜ் பார்த்துக்கறோம்."

லைன் கட்!

"என்ன மேடம், பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றபடி உள்ளே வந்தார் சார்ஜென்ட் மல்கேஹி.

"இருபது வருஷ சர்வீஸ்ல, கத்தாத பழைய மாணவரை இப்பதான் பார்க்கறேன். எங்கயோ இடிக்குது! டாட்டி, பட்டம் வாங்கினவங்க பதிவேட்டை எடு!"

1961... 'கே' வரிசை...

ராய்ஸ் கிட்ரிட்ஜ் என்ற பெயரே இல்லை!

உடனே ராய்ஸ் வீட்டுக்கு ஓடிய மல்கேஹி, நாலே முக்காலுக்கு அவரோடு திரும்பினார். ராய்ஸின் கழுத்தில் கல்லூரி மஃப்ளர். கோட்டுக்குள் ஃபைல்!

"ரெண்டாவது வருஷமே ஃபெயிலாகி ஓடிட்டேன் மேடம்... வீட்ல பட்டதாரின்னு பீலா விட்டுட்டேன். டெல்லா பட்டதாரின்னு என் பேரைப் போட்டிருப்பா, நீங்க பதிவேட்டைப் பார்ப்பீங்க... பொண்ணு முன்னாடி மானம் போயிடும்னுதான்..."

"அதுக்காக அவ படிப்புலயே கை வைப்பீங்களா? இந்தக் காலேஜ்தான் அவளுக்கு உசுருன்னு உங்களுக்குத் தெரியாது?"

"தெரியும் மேடம். அதான் பிரிச்சுப் பார்க்கக்கூட தைரியம் வரலை."

மேவிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபைலைப் பிடுங்கிப் பிரித்தாள். 'பெற்றோர் இங்கே பட்டம் பெற்றவரா?' என்ற கேள்விக்கு எதிரே டெல்லாவின் கையெழுத்து. படித்துவிட்டு அதை ராய்ஸிடம் நீட்டினாள்.

'இல்லை. அப்பா இரண்டாவது வருஷத்தோடு நின்றுவிட்டார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. ப்ளீஸ், சொல்லிவிடாதீர்கள்.'

ராய்ஸ் மஃப்ளரில் முகம் புதைத்து விம்மினார்.

"விலங்கு மாட்டட்டுமா மேடம்?" என்றார் மல்கேஹி.

மேவிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்துக்கு இன்னும் பத்து நிமிடம்!

"டாட்டி, குத்து முத்திரையை! அவரை விட்டுடுங்க சார்ஜென்ட்... பிள்ளையோட விண்ணப்பத்தைப் போலீஸ் பாதுகாப்போட கொண்டு வந்து சேர்த்த முதல் அப்பா இவர்தான்!"