இரண்டு பிரிவிலும் உள்ளவர்

ஒரு திங்கட்கிழமை காலையில் ஃபஸ்லான் பதினோராயிரம் பேரைக் காணாமலாக்கினான். யாரும் சொல்லிச் செய்ததல்ல. கெட்டித்தனம் கூடிப்போய்ச் செய்தது.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கிய முஸ்லிம் குடும்பங்களின் விபரங்களைத் தேடிப் பார்க்க, கண்டக்குழிச் சங்கத்துக்கு அவன்தான் இணையத்தளம் செய்து கொடுத்திருந்தான். ஊர், வயது, வந்த வழி, உயிருடன், மௌத்து என்று பக்கவாட்டில் சின்னச் சின்னப் பெட்டிகள். இரண்டு பெட்டிகளில் டிக் போட்டால், ஏதாவது ஒன்றில் உள்ள எல்லாரும் வந்து குவிவார்கள். இனி இரண்டிலும் உள்ளவர்கள் மட்டும் வரட்டும் என்று அன்று ஒரு வரியை மாற்றினான். தளத்தைத் திறக்கும்போதே எல்லா ஊருக்கும் டிக் விழுந்திருக்கும் என்பது அந்த அறிவாளிக்கு ஞாபகம் வரவில்லை. முசலியிலும் எருக்கலம்பிட்டியிலும் ஒரே நேரத்தில் பிறந்த மனிதர் இல்லையாதலால், மனிதரே இல்லாமல் போனார்கள்.

பகல்வரை சங்க அலுவலகத் தொலைபேசியில் ஏச்சு. "எங்கட வாப்பாட பேரை அழிக்க நீ ஆரடா?" என்று கொழும்பிலிருந்துகூட ஒருவர் கேட்டார்.

அந்தக் காலத்து நிவாரண விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றும் றைஸா பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். "ஃபஸ்லான் நானா, எங்களைத் துரத்தினவங்க இருபத்தேழு வருசமா செய்ய ஏலாததை நீங்க ஒரு காலையில முடிச்சிட்டீங்க. நான் சாப்பிட்டு வாறன்."

"எனக்கும் ஒரு பார்சல் வாங்கி வாங்க. கொஞ்சம் நஞ்சும் போட்டு."

அவள் போனபின் தகரக் கூரையில் மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்த கச்சான் காற்றும், ஜன்னலுக்கு வெளியே காயும் கருவாட்டின் வாடையும், மூச்சு வாங்கும் பழைய மின்விசிறியும், லுஹர் தொழுகை முடிந்து ஆளற்றுக் கிடந்த ரோட்டின் வெள்ளை வெயிலும் மட்டுமே மிச்சம். ஊர்ப் பெட்டிகளைச் சரி செய்தான். மற்றவை ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்க, நடக்கவே முடியாத ஒன்றைத் தேடினான். உயிருடன். மௌத்து. இரண்டும்.

நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள்.

சிரிப்பு வந்தது. நிவாரண அட்டை வெட்டுப்படாமலிருக்க, செத்தவர்களையும் உயிரோடு எழுதி வைத்த காலம் அது. மனச்சாட்சிக்கு ஒரு டிக், அரிசிக்கு ஒரு டிக். 'படகில் வந்தவர்' என்பதையும் சேர்த்தான். பதினொன்று. 'ஐந்து வயதுக்குக் கீழ்'. ஒன்று.

ஹஃபீலா. வயது இரண்டு.

அவன் தங்கச்சி. படகில் மௌத்தானவள். சிரிப்பு போய்க் கோபம் ஏறியது. விண்ணப்பம் நிரப்பியது ஜெமீல் மாமா, உம்மாவின் தம்பி. படகில் வந்த அன்று உம்மா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். பிள்ளையை எங்கே அடக்கினீர்கள் என்று அவள் கேட்கும்போதெல்லாம் மாமா ஒவ்வோர் இடம் சொன்னார். ஒரு வருசம் கண்டக்குழி, ஒரு வருசம் பள்ளிவாசல்துறை, போன நோன்பில் 'மணல் மூடிட்டு'. இப்போது உம்மா படுக்கையில். கண் மூடுமுன் அந்தக் கபுறடியில் ஒரு ஸலாம் சொல்ல வேண்டும் என்று ஒரே பிடி.

மாமாவுக்குப் போன் எடுத்தான்.

"மாமா, தங்கச்சிட கபுறு எங்க?"

"சாப்பிட்டீங்களா மருமகன்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. உயிருடன் எண்டு டிக் போட்டு, அவட அரிசியையும் எத்தின வருசம் திண்டீங்க?"

"அரிசிக்குப் போடல்ல மகன்," என்றார். வைத்துவிட்டார்.

ஃபஸ்லான் மேசையில் குத்தினான். கை வலித்தது. திரையைப் பார்த்தான்.

கடைசிப் பெட்டிக்குக் கீழே இன்னொரு பெட்டி இருந்தது. 'நனைந்தவர்.'

அவன் செய்ததல்ல. றைஸா இப்படி விளையாடுவாளா? விளையாடுவாள், ஆனால் இதில் விளையாட மாட்டாள். டிக்கை அவன் போடவில்லை. அதுவாக விழுந்தது. முடிவு: ஒன்று. பெயர் அதே பெயர்.

டிக்கை எடுத்தான். திரும்ப விழுந்தது. அதற்குக் கீழே இன்னொன்று முளைத்தது. 'கரையேறியவர்.' ஒன்று. 'ரோட்டால் நடந்து வருபவர்.' ஒன்று. கூரையில் மணல் விழும் சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தான். மின்விசிறி சுழல்கிறது, சத்தமில்லை. கருவாட்டு வாடை எங்கோ போய், ஆழத்திலிருந்து அள்ளிய தண்ணீரின் குளிர்ந்த உப்பு மணம் கதவிடுக்கால் உள்ளே வந்தது.

கணினியின் வயரைப் பிடுங்கினான். திரை அணையவில்லை.

'வாசலில் நிற்பவர்.'

ஒன்று.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. சொட்டு. சீமெந்துத் தரையில். இன்னொரு சொட்டு. கிட்ட.

கைத்தொலைபேசி அதிர்ந்தது. மாமா.

"கபுறு இல்ல மகன்." குரல் தேய்ந்திருந்தது. "ரோந்துப் படகொண்டு வந்திச்சு. புள்ள கத்தினா. கண்டா எல்லாரையும் சுடுவாங்க. வாயைப் பொத்து எண்டு உன்ட மடியில குடுத்தம். உனக்கு அஞ்சு வயசு. சொன்னதைச் செய்தாய். அவங்க போனப்புறமும் நீ கையெடுக்கல்ல."

சொட்டு. கதிரைக்குப் பின்னால்.

"மௌத்து எண்டுதான் நினைச்சம். துணியில சுத்திக் கடல்ல இறக்கினம். தண்ணி பட்டதும் கண்ணைத் திறந்தா."

இருபத்தேழு வருசம் மாமாமேல் வளர்த்த கோபம், போக இடமில்லாமல் அவன்மேலேயே திரும்பியது.

"படகைத் திருப்பினீங்களா, மாமா?"

"இல்ல."

அவன் வாயைத் திறந்தான். பின்னாலிருந்து ஒரு சின்னக் கை, குளிர்ந்து, உப்புக் கரித்து, அதைப் பொத்தியது. எடுக்கவில்லை.